இன்சூரன்ஸ் கிளைமை மறுத்துவிட்டார்களா? சட்டம் எங்கே, எப்படிக் கைகொடுக்கும்

இன்சூரன்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு கருத்துகள்தான் காதில் விழும். "எல்லாம் ஏமாத்து வேலை, வாங்கும்போது ஒரு பேச்சு, கொடுக்கும்போது ஒரு பேச்சு" என்பார் ஒருவர். "அவங்க ரிஜெக்ட் பண்ணிட்டா ஒண்ணும் செய்ய முடியாது, கேஸ் போட்டா பத்து வருஷம் இழுக்கும்" என்பார் இன்னொருவர். இந்தப் பேச்சுகளைக் கேட்டே பலர் மறுப்புக் கடிதத்தை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி பில்லுக்காக அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் கணிசமானவர்களுக்குப் பணம் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பைசா வக்கீல் செலவில்லாமல் போகக்கூடிய இடங்களே இருக்கின்றன. அவை இருப்பது தெரியாததுதான் பிரச்சினை.

இந்தியாவில் இன்று நடப்பிலுள்ள விதிகளை வைத்து இதை எழுதுகிறேன். மருத்துவக் காப்பீடுதான் மையம். ஆயுள் காப்பீட்டையும் தொட்டுச் செல்வேன். சாலை விபத்தில் அடிபட்டவர் எதிர் வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தின் வேலை. அது வேறு பாதை என்பதால் இங்கே பேசவில்லை.

## அட்வான்ஸைத் தர மறுக்கும் வீட்டுக்காரர்

வாடகை வீட்டைக் காலி செய்கிறீர்கள். அட்வான்ஸ் ஒரு லட்சம் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. "சுவரெல்லாம் ஆணி அடிச்சுப் பாழாக்கிட்டீங்க, பெயின்ட் செலவுக்கே சரியாப் போச்சு" என்று கையை விரிக்கிறார். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம், வெறும் சாக்காகவும் இருக்கலாம். பணம் அவர் கையில் இருப்பதால் முதலில் பேசுகிற வசதி அவருக்கு. ஆனால் அவர் சொன்னதாலேயே விஷயம் முடிந்துவிடாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, நீங்கள் குடிவந்தபோது சுவர் எப்படி இருந்தது என்பதைப் பொதுவான ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் அது முடிவு.

காப்பீட்டு நிறுவனம் நிற்பதும் அந்த வீட்டுக்காரர் இடத்தில்தான். பாலிசி என்பது ஒப்பந்தம். கிளைம் என்பது அந்த ஒப்பந்தப்படி எனக்குச் சேர வேண்டிய தொகையைத் தாருங்கள் என்று கேட்பது. மறுப்புக் கடிதம் என்பது எதிர்த்தரப்பு எழுதிய பதில். லெட்டர்ஹெட்டும் விதி எண்களும் மருத்துவப் பெயர்களுமாக அது தீர்ப்பு போலத் தோற்றம் தரும். படிப்பவருக்குக் கை நடுங்கும். ஆனாலும் அது ஒரு தரப்பின் வாதம்தான்.

வாடகை ஒப்பந்தத்திலாவது நாம் ஒன்றிரண்டு வரியை மாற்றச் சொல்லலாம். பாலிசியில் அது நடக்காது. முழுவதையும் நிறுவனமே எழுதுகிறது. நாம் கையெழுத்து மட்டும் போடுகிறோம். அதனால்தான் நீதிமன்றங்கள் இரண்டு விஷயங்களில் பாலிசிதாரர் பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஒரு வாசகம் இரண்டு விதமாகப் பொருள்படுமானால், அதை எழுதிய நிறுவனத்துக்குப் பாதகமான பொருளையே எடுத்துக்கொள்வார்கள். இன்ன செலவுக்குப் பணம் கிடையாது என்று ஒரு விலக்கு விதியைக் காட்டி மறுத்தால், அந்த விதி இந்தச் சம்பவத்துக்குப் பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டியதும் நிறுவனம்தான்.

நம் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. பாலிசி எடுக்கும்போது நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் கேட்கிற உடல்நல விவரங்களை உள்ளபடி சொல்ல வேண்டும். நம் உடம்பைப் பற்றி நிறுவனத்துக்கு நாம் சொன்னதுதான் தெரியும் என்பதால், காப்பீட்டுச் சட்டம் சாதாரண ஒப்பந்தங்களைவிடக் கூடுதல் நேர்மையைக் கேட்கிறது. இதற்கு உச்ச நன்னம்பிக்கைக் கோட்பாடு என்று பெயர். தகராறுகளில் பெரும்பகுதி இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

இதுவரை பார்த்தது: மறுப்புக் கடிதம் ஒரு தரப்பின் நிலைப்பாடு. சந்தேகத்தின் பலன் பாலிசிதாரருக்கு, நிரூபிக்கும் சுமை நிறுவனத்துக்கு. பதிலுக்கு, பாலிசிதாரர் உண்மையை மறைத்திருக்கக் கூடாது.

## "நோயை மறைத்தீர்கள்" என்ற குற்றச்சாட்டு

மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி வரும் காரணம் இதுதான். பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் கண்டறியப்பட்ட, அல்லது சிகிச்சையோ மருத்துவ ஆலோசனையோ பெற்ற நோயை ஏற்கெனவே இருந்த நோய் என்கிறார்கள். அதைச் சொல்லியே பாலிசி எடுத்திருந்தாலும், அந்த நோய்க்கான சிகிச்சைக்கு உடனே பணம் கிடைக்காது. ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. 2024 முதல் அது அதிகபட்சம் 36 மாதம்.

மறைத்ததாகச் சொல்வதற்கு ஆதாரம் எங்கிருந்து வருகிறது? பல சமயம் ஆஸ்பத்திரிக் காகிதத்திலிருந்தே. ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சுவலியோடு அப்பாவை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகிறார்கள். பணியில் இருக்கும் இளம் டாக்டர் "சுகர் இருக்கா, எத்தனை வருஷமா?" என்று கேட்கிறார். பதற்றத்தில் இருக்கும் மகன் "ரொம்ப நாளா இருக்கு டாக்டர், ஒரு பத்து வருஷம் இருக்கும்" என்கிறான். உண்மையில் சர்க்கரை தெரியவந்து மூணு வருஷம்தான் ஆகியிருக்கும். பாலிசிக்கு நாலு வயது. ஆனால் கேஸ் ஷீட்டில் பத்து ஆண்டு என்று ஏறிவிடும். டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சு செய்பவர் அதை அப்படியே எடுத்துப் போடுவார். நிறுவனத்தின் மேசைக்குப் போகும்போது அது "நோயாளியே ஒப்புக்கொண்ட வரலாறு" ஆகிவிடுகிறது.

இந்த ஒரு வரியை எதிர்கொள்ள வழி உண்டு. முதன்முதலில் சர்க்கரை கண்டுபிடித்த ரத்தப் பரிசோதனை அறிக்கை, அப்போது பார்த்த டாக்டரின் மருந்துச் சீட்டு, நோயின் காலத்தைக் குறிப்பிட்டு சிகிச்சை தந்த டாக்டர் எழுதித் தரும் சான்று ஆகியவை அந்தக் கைபோன போக்கில் எழுதிய வரியைவிட வலுவானவை. டிஸ்சார்ஜ் ஆகும்போதே சம்மரியைப் படித்துப் பார்த்துத் தவறைத் திருத்தச் சொல்வது இன்னும் நல்லது. அந்த நேரத்தில் வீட்டுக்குப் போனால் போதும் என்றுதான் இருக்கும், எனக்கும் புரிகிறது. ஆனாலும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

இதில் நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது? 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு நல்ல உதாரணம். வெளிநாட்டுப் பயண மருத்துவ பாலிசி எடுத்து அமெரிக்கா போனவருக்கு, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலேயே மாரடைப்பு. மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று நிறுவனம் மறுத்தது. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை அவர் படிவத்தில் சொல்லியிருந்தார். பரிசோதனைகளைப் பார்த்துவிட்டுத்தான் பாலிசியும் தந்திருந்தார்கள். தெரிந்தே ஏற்றுக்கொண்ட உடல்நிலையைக் காட்டிப் பிறகு பணத்தை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் பாலிசிதாரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2015இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில், இடுப்பு முதுகெலும்புத் தேய்மானத்தைச் சொல்லாமல் விட்டவர் இதயநோயால் இறந்திருந்தார். மறைத்த நோய்க்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று குடும்பத்துக்குப் பணம் தரச் சொன்னது அதே நீதிமன்றம்.

எதிர்ப்பக்கத் தீர்ப்புகளும் இருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. நீண்டகாலச் சர்க்கரையும் சிறுநீரக பாதிப்பும் இருந்ததைச் சொல்லாமல் மெடிக்ளைம் எடுத்தவர் தொடர்பான 2009ஆம் ஆண்டு வழக்கில் நிறுவனம்தான் ஜெயித்தது. ஆக, மறைத்தது எவ்வளவு முக்கியமான விஷயம், நிறுவனம் பாலிசி தருவதா என்ற முடிவையே மாற்றக்கூடியதா என்பதுதான் கேள்வி. அடிக்கடி கேட்பது இன்னொன்று: "ஏஜென்ட்தான் எல்லாத்தையும் நிரப்பினார், நான் கையெழுத்துதான் போட்டேன்." இதை மட்டுமே நம்பி வழக்காடுவது ஆபத்து. கையெழுத்து நம்முடையது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

காலமும் நமக்கு ஒரு பாதுகாப்பு. மருத்துவக் காப்பீட்டை இடைவிடாமல் 60 மாதம் புதுப்பித்து வந்திருந்தால், விவரம் சொல்லவில்லை என்பதைக் காட்டி கிளைமை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். 2024 ஏப்ரலுக்கு முன் இது எட்டு வருடமாக இருந்தது. ஆயுள் காப்பீட்டில் பாதுகாப்பு இன்னும் வலுவானது. காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவுப்படி மூன்று ஆண்டு முடிந்த பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும், மோசடி என்று சொல்லிக்கூட, கேள்விக்குள்ளாக்க முடியாது. இங்கே கவனிக்க வேண்டியது: ப்ரீமியம் கட்டாமல் பாலிசி காலாவதியாகி மறுபடி உயிர்ப்பித்திருந்தால், அந்த மூன்று ஆண்டு உயிர்ப்பித்த நாளிலிருந்து எண்ணப்படும். மூன்று ஆண்டுக்குள் மறுத்தாலும், காரணம் மோசடியாக இல்லாமல் தகவல் விடுபட்டதாக மட்டும் இருந்தால், அதுவரை கட்டிய ப்ரீமியத்தை 90 நாளுக்குள் குடும்பத்துக்குத் திருப்பித் தர வேண்டும்.

## எல்லாக் குறைப்பும் அநியாயம் இல்லை

போராடுவதற்கு முன் நம் பாலிசியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். உதாரணத்துக்கு அறை வாடகை. பாலிசியில் ஒரு நாள் வாடகை வரம்பு 5,000 ரூபாய்; நீங்கள் 8,000 ரூபாய் அறையில் தங்கினீர்கள். வித்தியாசம் 3,000தானே என்று நினைப்போம். ஆனால் பெரிய அறைக்குப் போனால் டாக்டர் கட்டணம், அறுவைக் கட்டணமெல்லாம் சேர்ந்து ஏறும் என்பதால், அந்தச் செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டலாம். ஒரு லட்சம் ரூபாய் அறுவைக் கட்டணத்தில் 62,500தான் வரும். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் இது விதிப்படி சரி.

ஆனால் இந்த விகிதவெட்டை மருந்து, பரிசோதனை, உடலுக்குள் வைக்கும் கருவிகள், தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணம் ஆகியவற்றில் கைவைக்கப் பயன்படுத்தக் கூடாது. எல்லா அறைக்கும் ஒரே கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரியிலும் வெட்டக் கூடாது. வெட்டுக் கணக்கைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் பார்த்தால்தான் இது தெரியவரும். மூன்று லட்சம் பில்லுக்கு 1,80,000 வந்தது, சரி போகட்டும் என்று விட்டவர்கள் எத்தனையோ பேர். குறைத்துத் தந்ததும் மறுப்புதான். அதற்கும் இதே வழிகள் திறந்திருக்கின்றன.

பாதித் தொகையைத் தரும்போது "முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதில் கையெழுத்துக் கேட்பார்கள். அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்றால், "மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதி மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். இப்படி வாங்கிய ரசீதைக் காட்டி மேல்முறையீட்டு உரிமையைத் தடுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே 2015இல் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

## தரவும் மாட்டார்கள், மறுக்கவும் மாட்டார்கள்

நேரடி மறுப்பைவிட மக்களை அதிகம் களைப்பாக்குவது இழுத்தடிப்பு. ஒரு வாரம் கழித்து ஒரு கேள்வி வரும். பதில் அனுப்பினால் இன்னொரு வாரம் கழித்து வேறொரு கேள்வி. கடைசியில் நம் ஆளே சலித்துப்போய் விட்டுவிடுவார்.

இதற்குக் காலக்கெடு இருக்கிறது. கேஷ்லெஸ், அதாவது நாம் பணம் கட்டாமல் நிறுவனம் ஆஸ்பத்திரிக்கே நேரடியாகச் செலுத்தும் முறையில், அனுமதிக் கோரிக்கை வந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் நேரத்தில் இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரம். அதைத் தாண்டி ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் வாங்கினால் அது நிறுவனத்தின் பொறுப்பு. சிகிச்சையின்போது நோயாளி இறந்துவிட்டால், உடலைத் தாமதமின்றி எடுத்துச்செல்ல ஏதுவாகக் கோரிக்கையை உடனே முடிக்க வேண்டும். இவை 2024 மே மாதச் சுற்றறிக்கையில் உள்ளவை. பணம் கட்டிவிட்டுப் பின்னால் கேட்கும் ரீஇம்பர்ஸ்மென்ட் கிளைமுக்கு 15 நாள். ஆயுள் காப்பீட்டில் விசாரணை தேவைப்படாத மரணக் கோரிக்கைக்கும் 15 நாள், விசாரணை தேவையென்றால் 45 நாள். தாமதமானால் வங்கி வீதத்துக்கு மேல் இரண்டு சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். இந்த வட்டியை நாம் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றில்லை, தானாகவே தர வேண்டியது. ஆனால் கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பெரிய தவறான புரிதலைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரி கவுன்டரில் "கேஷ்லெஸ் டினை ஆகிடுச்சு" என்பார்கள். பலர் அதோடு கிளைமே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கேஷ்லெஸ் என்பது பணம் செலுத்தும் ஒரு வசதி மட்டும். அது மறுக்கப்பட்டாலும் பில்லைக் கட்டிவிட்டு, எல்லா அசல் காகிதங்களையும் வாங்கிக்கொண்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். இரண்டையும் தனித்தனியாகவே பரிசீலிக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: மறைத்தல், காத்திருப்புக் காலம், வெட்டு, தாமதம் ஆகிய நான்கும்தான் பெரும்பாலான தகராறுகள். ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்ட விதி இருக்கிறது. நிறுவனம் அதற்குள் நின்றதா என்பதைத்தான் இனி மற்றவர்கள் பார்ப்பார்கள்.

## முதல் வேலை: காரணத்தை எழுத்தில் வாங்குவது

உதவி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது "கடிதம் இருக்கா?" என்பதுதான். "போனில் சொன்னாங்க சார்" என்பார்கள். போனில் சொன்னது எதற்கும் உதவாது.

எந்தக் கிளைமையும் நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தராமல் மறுக்கக் கூடாது. பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறோம் என்பதைக் கடிதத்தில் குறிப்பிட வேண்டும். அந்தக் கடிதம் நிறுவனத்தையே கட்டிப்போடுகிறது: அதில் சொல்லாத புதிய காரணத்தைப் பின்னால் வழக்கில் கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது. காத்திருப்புக் காலம் முடியவில்லை என்று மறுத்துவிட்டு, நுகர்வோர் ஆணையத்தில் வந்து "இல்லை, நோயை மறைத்தார்" என்று பேச முடியாது. அதனால்தான் அந்த ஒரு தாள் இவ்வளவு முக்கியம்.

அதோடு பாலிசியின் முழு விதிப் புத்தகம், நீங்கள் கையெழுத்திட்ட முன்மொழிவுப் படிவத்தின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, கேஸ் ஷீட் நகல், பில், அனுப்பிய பெற்ற மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். பாலிசி என்று பலர் கையில் வைத்திருப்பது இரண்டு பக்கச் சான்றுதான். விதிகள் நாற்பது ஐம்பது பக்கத்தில் தனியாக இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

## நிறுவனத்திடமும் ஆணையத்திடமும் புகார்

ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர் அதிகாரி உண்டு. அவருக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். மறுத்தவர்களிடமே போய் என்ன கேட்பது என்று தோன்றும். ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த இடத்துக்குப் போக முடியாது. கோபத்தைக் கொட்டாமல், கடிதத்தில் சொன்ன காரணம் என்ன, அது ஏன் தவறு, எந்த ஆவணம் அதைக் காட்டுகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும்.

அடுத்தது காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், சுருக்கமாக ஐஆர்டிஏஐ. பீமா பரோசா என்ற இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் பதியலாம். இங்கேயும் ஒரு குழப்பம் இருக்கிறது. ஐஆர்டிஏஐ உங்கள் தகராறை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி, பதில் வருகிறதா என்று கண்காணிக்கும். இழுத்தடிப்பு வகைப் புகாருக்கு இது நன்றாகவே வேலை செய்யும். வாதம் செய்து மறுத்த கிளைமுக்கு இதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

## குறைதீர்ப்பாளர்: வக்கீல் இல்லாத விசாரணை

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், மக்கள் வழக்கில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், 2017ஆம் ஆண்டு விதிகளின்படி இயங்கும் அமைப்பு. நாட்டில் பல இடங்களில் அலுவலகம் உண்டு. சென்னை அலுவலகம் அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மக்களுக்கானது. இணையத்திலும் புகார் தரலாம். கட்டணம் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை எடுத்துக்கொள்வார்கள். வேலை செய்யும் கம்பெனி எடுத்துத் தந்த குழுக் காப்பீட்டுக்கும் இங்கே போகலாம்.

நிறுவனம் புகாரை நிராகரித்திருக்க வேண்டும், அல்லது புகார் தந்து ஒரு மாதம் பதில் வராமல் இருந்திருக்க வேண்டும். அதிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வர வேண்டும். அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நடந்துகொண்டிருக்கவோ முடிந்திருக்கவோ கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையால்தான் வரிசை முக்கியமாகிறது. முதலில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்விட்டால் குறைதீர்ப்பாளரிடம் திரும்பி வர முடியாது. முதலில் இங்கே வந்து, முடிவு பிடிக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஏனென்றால் குறைதீர்ப்பாளர் தரும் உத்தரவு நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது.

பாதிக்கப்பட்டவரோ வாரிசோ நாமினியோதான் பேச வேண்டும். வக்கீலுக்கோ ஏஜென்ட்டுக்கோ இடமில்லை. பயப்பட ஒன்றுமில்லை, கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் இடம் இல்லை இது. நிறுவனத்தின் சார்பில் ஓர் அதிகாரி வருவார், இரு தரப்பிடமும் குறைதீர்ப்பாளர் கேள்வி கேட்பார். வீடியோ வழியாகவும் நடக்கும். இரு தரப்பும் சம்மதித்தால் சமரசம். இல்லையென்றால், ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் உத்தரவு தர வேண்டும். சராசரிக் குடும்பத்துக்கு இதுதான் முதலில் தட்ட வேண்டிய கதவு என்பேன்.

மன உளைச்சலுக்கு இழப்பீடு போன்றவற்றை இங்கே எதிர்பார்க்க முடியாது. கிளைம் தொகையும் வட்டியும்தான்.

## நுகர்வோர் ஆணையம்

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் காப்பீடும் ஒரு சேவை. நியாயமற்ற மறுப்பும் தாமதமும் சேவைக் குறைபாடு, அதாவது காசு வாங்கிக்கொண்டு செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்யாமை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்களே மனு போடலாம், நீங்களே வாதாடலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் உங்கள் ஊர் மாவட்ட ஆணையமே போதும்.

எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் தொகையை வைத்து முடிவு செய்வதில்லை. நீங்கள் கட்டிய தொகையை, அதாவது ப்ரீமியத்தை வைத்துத்தான். கட்டியது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை. வருடம் 30,000 ரூபாய் ப்ரீமியம் கட்டியவர் 20 லட்சம் கிளைமுக்கும் கட்டணமின்றி வழக்குப் போடலாம். இந்த விவரம் தெரியாமல் "கேட்கிற தொகைக்கு ஏத்த மாதிரி ஸ்டாம்ப் கட்டணும்" என்று பயந்து ஒதுங்கியவர்கள் இருக்கிறார்கள்.

காலக்கெடு இரண்டு ஆண்டு. மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். குறைதீர்ப்பாளரிடம் செலவான நாட்களைக் கழித்துவிடுவார்கள் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். நோட்டீஸ் கிடைத்த நிறுவனம் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் கேட்கலாம். அந்த 45 நாளுக்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிட நிறைய ஆகும். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பதிலாக, இங்கே கிளைம் தொகையோடு வட்டி, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம்.

நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்று இன்னொன்றும் உண்டு. காப்பீட்டுச் சேவைத் தகராறுகளை ஒரு கோடி ரூபாய் வரை கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும். முதலில் சமரசம் பேசும். படியவில்லை என்றால் அதுவே தீர்ப்பும் சொல்லலாம். அந்தத் தீர்ப்பை எதிர்த்துச் சாதாரண மேல்முறையீடு இல்லை என்பதை யோசித்துப் போக வேண்டும்.

இதுவரை பார்த்தது: முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி, பிறகு குறைதீர்ப்பாளர், தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையம். முதல் கெடு ஓர் ஆண்டு, அடுத்தது இரண்டு ஆண்டு.

## வக்கீல் எப்போது வேண்டும்

நிறுவனம் மோசடிக் குற்றச்சாட்டு வைத்திருந்தால், தொகை பெரிதாக இருந்தால், டாக்டர்களின் சாட்சியம் தேவைப்பட்டால் வக்கீல் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். மேல்முறையீட்டுக்கும் அப்படித்தான். வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. கணவரை இழந்து ஆயுள் காப்பீட்டுப் பணத்துக்கு அலையும் எத்தனையோ பெண்களுக்கு இதை யாரும் சொல்வதே இல்லை.

"கிளைமை வாங்கித் தருகிறோம், வருவதில் இத்தனை சதவீதம் கொடுங்கள்" என்று அழைக்கும் ஆலோசனை நிறுவனங்கள் இப்போது பெருகியிருக்கின்றன. மனு எழுத உதவுவார்கள், சரி. ஆனால் குறைதீர்ப்பாளர் முன் உங்களுக்காகப் பேச அவர்களால் முடியாது. வக்கீல்கள் ஜெயித்த பணத்தில் பங்கு கேட்பது அவர்களுடைய தொழில் விதிகளுக்கே எதிரானது. முன்பணம் கேட்டால் எதற்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## உத்தரவு வந்த பிறகு

குறைதீர்ப்பாளரின் உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் நிறுவனம் பணத்தைத் தர வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் புகார்தாரருக்குத் தர வேண்டும் என்பது 2024இல் வந்த விதி. நுகர்வோர் ஆணையத்தின் மாவட்ட உத்தரவை எதிர்த்து நிறுவனம் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடலாம். உத்தரவை மீறுவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது. உத்தரவின் சான்றளித்த நகலையும் உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தையும் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்த ரசீதை அதே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நிறைவேற்று மனு போட நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.